வட்டக் கணக்கில் திரும்பி வந்த குரல்

என் கணவர் பாண்டியராஜனுக்குப் பேச்சு நின்று போனது சென்ற ஆவணி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில். தல்லாகுளத்தில் வங்கித் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு நிலையத்தில் அவர் கணக்கு ஆசிரியர். பேச்சுதான் அவருக்குத் தொழில். அன்றைக்குப் பலகையில் ஒரு வட்டம் வரைந்து, அதற்குள் ஒரு கோடு இழுத்து, "இப்ப இதுல" என்று ஆரம்பித்தவர், அடுத்த வார்த்தையைத் தேடிக்கொண்டு அப்படியே நின்றாராம். மாணவர்கள் முதலில் சிரித்திருக்கிறார்கள். சார் ஏதோ விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். கையில் இருந்த மார்க்கர் கீழே விழுந்த பிறகுதான் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள்.

நான் அப்போது கப்பலூரில் இருந்தேன். ரப்பர் வளையங்கள் செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில், தரம் பார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. போனில் ஒரு பிள்ளை, "அக்கா, சாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம். பயப்படாம வாங்க" என்றான். பயப்படாமல் எப்படி வருவது? வழியெல்லாம் சாமியை நினைத்து "அழகா, அழகா" என்று மட்டும் சொல்லிக்கொண்டு போனேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

அழகரை நம்பி வாழும் என் சொந்தங்களே, நான் எழுத்துப் பழக்கம் உள்ளவள் இல்லை. அவர் எங்களுக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். நேரத்தோடு கொண்டுவந்ததால் உயிர் தப்பியது. வலது கை தளர்ந்து போயிருந்தது. நடை கொஞ்ச நாளில் சரியாகிவிட்டது. வாய் மட்டும் திறக்கவில்லை. பேச முயன்றால் நெற்றி நரம்பு புடைக்கும், ஒரு முனகல் வரும், அவ்வளவுதான். பிறகு அந்த முனகலையும் அவர் நிறுத்திவிட்டார்.

"அவருக்கு எல்லாம் புரியுதும்மா. அறிவுக்கு ஒண்ணும் ஆகல. சொல்ல நினைக்கிற வார்த்தைதான் கிடைக்க மாட்டேங்குது" என்றார் மருத்துவர். எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். சிலருக்குச் சீக்கிரம், சிலருக்குத் தாமதம், சிலருக்கு வராமலும் போகலாம் என்று உள்ளதைச் சொன்னார்.

எங்கள் வீட்டைத் தெரிந்தவர்களுக்குத்தான் அந்த அமைதி என்ன என்று புரியும். அவர் பல் தேய்க்கும்போதும் பேசுகிறவர். செய்தி வாசிக்கிறவரோடு சண்டை போடுவார். நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அன்றைக்கு வகுப்பில் நடந்ததையெல்லாம் சொல்லி முடித்திருப்பார். கொஞ்ச நேரம் வாயை மூடுங்களேன் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இப்போது அவர் சாப்பிடும் சத்தம்கூட எனக்குத் தனியாகக் கேட்டது.

உசிலம்பட்டிப் பக்கம் விவசாயம் பார்க்கும் அவருடைய தங்கை மல்லிகா, மல்லிகைத் தோட்டத்தைத் தன் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு எங்களோடு வந்து தங்கினாள். "நீங்க வேலைக்குப் போங்க மதினி. அண்ணனை நான் பாத்துக்கிறேன்" என்றாள். கோவையில் கல்லூரியில் படிக்கும் எங்கள் மகள் தினமும் போன் செய்வாள். ஒரு நாள் போனை அவர் காதில் வைத்தேன். அவர் திரும்பத் திரும்ப முயன்று பார்த்துவிட்டுக் கண் கலங்கினார். அந்தப் பக்கத்திலிருந்து அவள் சொன்னது எனக்கும் கேட்டது. "ஒண்ணும் சொல்ல வேணாம்ப்பா. சும்மா மூச்சு விடுங்க. நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்."

புரட்டாசி முதல் சனிக்கிழமை அழகர்கோவிலுக்குத் தனியாகப் போனேன். உள்ளே பெருமாள் முன்னால் நின்றபோது ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. கூட்டம் தள்ளியது, வெளியே வந்துவிட்டேன். வாசலில் கருப்பண்ணசாமி கதவுக்கு முன்னால்தான் எனக்கு மனம் உடைந்தது. சாமியாகவே கும்பிடும், சந்தனம் பூசிய அந்தக் கதவைப் பார்த்துச் சத்தம் போட்டே கேட்டேன். "ஐயா, அவரைப் பேச வையி. நல்ல வார்த்தை பேசணும்னு கேக்கல. என்னைத் திட்டட்டும். திட்டினாலும் எனக்குச் சந்தோசம்தான்." பக்கத்தில் நின்ற ஒரு அம்மா என் முதுகைத் தடவிக் கொடுத்தார். அவர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வாரத்தில் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போவோம். பயிற்சி கொடுக்கும் ஷகிலா சின்ன வயதுப் பெண், பொறுமைசாலி. படம் போட்ட அட்டைகளைக் காட்டி, "இது என்ன சார்?" என்று கேட்பாள். வாழைப்பழம், சாவி, பசுமாடு. ஒன்றும் வராது. ஒரு நாள் அவர் இடது கையால் அட்டைகளையெல்லாம் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. அந்தப் பெண் கோபப்படவே இல்லை. அட்டைகளைப் பொறுக்கிக்கொண்டே, "சாருக்கு எதுல ரொம்பப் பிரியம்க்கா?" என்றாள்.

"கணக்குல. அதுலயும் வட்டக் கணக்குன்னா சோறு தண்ணி வேணாம்."

"அப்ப வீட்ல அதைப் படிச்சுக் காட்டுங்க. மாட்டையும் சாவியையும் நான் பாத்துக்கிறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பத்தாம் வகுப்போடு கணக்குக்குக் கும்பிடு போட்டவள். ஆனாலும் மறுநாள் காலை, கம்பெனி வண்டி வருவதற்கு முன்னால், அவர் மேசையில் கிடந்த கேள்வித்தாள்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். வட்டம் போட்ட கேள்வியாகப் பார்த்துப் படித்தேன்.

அது ஒரு தனி வகைக் கணக்கு. ஒரு கேள்வி இருக்கும். கீழே இரண்டு தகவல் இருக்கும். விடையைக் கண்டுபிடிக்கச் சொல்ல மாட்டார்கள். விடை கண்டுபிடிக்க அந்தத் தகவல் போதுமா, போதாதா என்று மட்டும் சொல்ல வேண்டும். முதல் தகவல் மட்டும் போதுமா, இரண்டாவது மட்டும் போதுமா, இரண்டும் சேர்ந்தால்தான் போதுமா, எது கொடுத்தாலும் போதுமா, இல்லை, இரண்டும் சேர்ந்தும் போதாதா. வங்கித் தேர்வில் பிள்ளைகளைத் திணறடிப்பது இதுதானாம்.

வாசலில் கோலம் போட்டுவிட்டு வந்த மல்லிகா கேட்டுவிட்டு, "விடையே வேணாம்னா அதென்ன மதினி கணக்கு? சோத்தை ஆக்கிட்டுத் திங்காமப் போற மாதிரி" என்றாள். அவர் உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு.

நான் படித்த கேள்வி இது. ஒரு முக்கோணத்தில் சி என்ற கோணம் எவ்வளவு? முதல் தகவல், ஏபி என்ற பக்கம் ஒரு வட்டத்தின் விட்டம், சி அந்த வட்டத்தின் மேலே இருக்கிறது. இரண்டாவது தகவல், மற்ற இரண்டு பக்கங்களும் சமம். நான் படித்து முடிப்பதற்குள் அவருடைய இடது கை எழுந்தது. ஒரு விரல். முதல் தகவல் மட்டும் போதும்.

பின்னால் அச்சடித்திருந்த விடையைப் பார்த்தேன். சரி! வட்டத்தின் மேல் சி எங்கே இருந்தாலும் அந்தக் கோணம் தொண்ணூறு டிகிரிதான் என்று போட்டிருந்தது. நான் கேள்வித்தாளை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவர் உள்ளே இருக்கிறார். முழுதாக இருக்கிறார். கதவுதான் சாத்தியிருக்கிறது.

அன்றிலிருந்து அது எங்கள் காலைப் பூஜை மாதிரி ஆகிவிட்டது. ஒரு விரல் காட்டினால் முதலாவது, இரண்டு விரல் என்றால் இரண்டாவது, மூன்று என்றால் இரண்டும் சேர்ந்து. கையை விரித்தால் எது கொடுத்தாலும் போதும். முஷ்டி என்றால் போதாது. எனக்குப் புரியாவிட்டால் இடது கையால் கோணல்மாணலாக வட்டம் வரைந்து காட்டுவார். நாண் என்றால் வட்டத்தின் இரண்டு புள்ளிகளைச் சேர்க்கும் கோடு, தொடுகோடு என்றால் வட்டத்தை ஒரே இடத்தில் தொட்டுவிட்டுப் போகும் கோடு, அது தொடும் இடத்தில் ஆரத்தோடு செங்கோணம் போடும். இதையெல்லாம் வாய் பேசாத மனிதரிடம் கற்றுக்கொண்டேன். நானும் விரல் காட்ட ஆரம்பித்தேன். சுற்றளவு கொடுத்தால் பரப்பளவு கிடைத்துவிடும், வெறும் நாணின் நீளம் கொடுத்தால் கிடைக்காது என்று ஒரு நாள் நானே சரியாகச் சொன்னபோது, அவர் என் தலையில் கை வைத்து முடியைக் கலைத்துவிட்டார். கல்யாணம் ஆன இத்தனை வருடத்தில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இப்படி உட்கார்ந்ததே இல்லை.

கார்த்திகையில் எல்லாம் சரிந்தது. பயிற்சி நிலையத்தில் அவருடைய வகுப்புகளுக்கு வேறு ஒருவரைப் போட்டுவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பு இல்லை. தேர்வு நெருங்கிவிட்டது, பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பார்க்க வந்த ஒரு மாணவன் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டான். அன்று சாயங்காலம் அவர் சாப்பிடவில்லை. மறுநாள் நான் கேள்வித்தாளோடு போனபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். ஷகிலாவிடம் போகவும் மறுத்துவிட்டார்.

எனக்கும் நம்பிக்கை விட்டுப்போய்விட்டது. சாமி படத்துக்கு விளக்கு ஏற்றுவேன், கும்பிட மாட்டேன். கேட்டுக் கேட்டுச் சலித்த மாதிரி இருந்தது. மல்லிகா இதைக் கவனித்திருக்கிறாள். "கோவம்னா கோவத்தைச் சொல்லுங்க மதினி. சாமிகிட்ட பேசாம மட்டும் இருக்காதீங்க. ஏற்கனவே இந்த வீட்ல ஒரு ஆளு பேசாம இருக்காரு, அது பத்தாதா?" என்றாள்.

அந்த வார்த்தை எனக்கு உறைத்தது. அன்று சனிக்கிழமை, எனக்கு விடுமுறை. விளக்கு முன்னால் உட்கார்ந்து மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். அழகா, எனக்கு உன் மேல் கோபம். அவரைப் பாதியில் விட்டுவிட்டாய் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்றைக்கு ஏதாவது ஒன்றைக் காட்டு. இல்லாவிட்டாலும் நான் உன்னை விட்டுப் போக மாட்டேன், எனக்குப் போகவும் இடம் இல்லை. ஆனால் காட்டு. இப்படித்தான் வேண்டினேன். அழகான பிரார்த்தனை இல்லை. உண்மையானது.

பிறகு கேள்வித்தாள்களைப் புரட்டினேன். ஒரு வளையக் கணக்கு கண்ணில் பட்டது. எங்கள் தொழிற்சாலையில் நாள் முழுக்க நான் பார்ப்பது வளையம்தானே? இதைக் கேட்டாலாவது திரும்பிப் பார்ப்பாரா என்று அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து படித்தேன்.

ஒரே மையம் கொண்ட இரண்டு வட்டங்கள், ஒன்றுக்குள் ஒன்று. நடுவில் உள்ள வளையத்தின் பரப்பளவு என்ன? முதல் தகவல், வெளிவட்டத்தின் ஆரம் பதின்மூன்று. இரண்டாவது தகவல், வெளிவட்டத்தின் ஒரு நாண் உள்வட்டத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது, அந்த நாணின் நீளம் பத்து.

அவர் திரும்பவில்லை. நான் விடவில்லை. "இது எனக்கே தெரியும். உள்ளளவும் வெளியளவும் தெரியாம எந்த வளையத்தையும் அளக்க முடியாது. ரெண்டு தகவலும் சேந்தாத்தான் வரும். மூணு விரல்" என்றேன்.

போர்வைக்கு வெளியே அவருடைய இடது கை மெதுவாக வந்தது. இரண்டு விரல். இரண்டாவது தகவல் மட்டும் போதுமாம்.

"இல்லைங்க. நாணை மட்டும் வச்சுக்கிட்டு என்ன செய்யிறது? வட்டம் பெருசா சின்னதான்னே தெரியாதே. மூணுதான்."

அவர் திரும்பிப் படுத்தார். இரண்டு விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நான் தினமும் வளையத்தோடயே கெடக்கேன். என்கிட்டயா? மூணு!"

எழுந்து உட்கார்ந்தார். இரண்டு விரலால் கட்டிலைத் தட்டினார். நானும் பிடிவாதமாக மூன்று விரலைக் காட்டினேன். உண்மையாகவே எனக்குப் பிடிவாதம்தான், அவரைச் சீண்டவேண்டும் என்று செய்யவில்லை. அவர் முகம் சிவந்தது. நெற்றி நரம்பு புடைத்தது. உதடு துடித்தது.

"தப்பு!" என்றார்.

சமையலறையில் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. மல்லிகா வாசற்படியில் வந்து நின்றாள். அவருக்கே அது அவர் குரல் என்று தெரியவில்லை. யார் பேசியது என்பது மாதிரி என்னைப் பார்த்தார்.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன்.

"தப்பு. தப்பு. தப்பு."

நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன், சிரித்தேன், இரண்டும் ஒன்றாக வந்தது. கோவிலில் நான் வேண்டியதை மல்லிகாவிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "திட்டினாலும் சந்தோசம்னு கேட்டுட்டு வந்தீங்கள்ல? கேட்டதைத்தான் சாமி குடுத்திருக்கு மதினி!" என்றாள்.

அதோடு அவர் விடவில்லை. வாத்தியார் அல்லவா? தாளை வாங்கி, இடது கையால் இரண்டு வட்டமும் நாணும் வரைந்தார். மையத்திலிருந்து நாணின் நடுப்புள்ளிக்கு ஒரு கோடு, அது உள்ளாரம். மையத்திலிருந்து நாணின் முனைக்கு ஒரு கோடு, அது வெளியாரம். ஒரு செங்கோண முக்கோணம் வந்துவிட்டது. வெளியாரத்தின் வர்க்கத்திலிருந்து உள்ளாரத்தின் வர்க்கத்தைக் கழித்தால் மீதி பாதி நாணின் வர்க்கம். ஐந்தைந்து இருபத்தைந்து. அதைப் பை (π) என்ற எண்ணால் பெருக்கினால் வளையத்தின் பரப்பளவு. வட்டங்கள் எவ்வளவு பெரிதானாலும் சிறிதானாலும் அந்த நாண் பத்து என்றால் வளையம் மாறாது. வளையத்தோடு காலம் தள்ளும் எனக்கு இது தெரியவில்லை. தோற்றுப்போனதில் அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. கடைசியில் அவர் தாளைத் தட்டி, மிகவும் சிரமப்பட்டு, "ரெண்டு... போதும்" என்றார்.

ஷகிலாவிடம் சொன்னபோது அவள் கை தட்டிவிட்டாள். கோபத்திலும் ஆசையிலும் வார்த்தைகள் முதலில் வரும் என்று விளக்கினாள். மருந்தும் பயிற்சியும் வேலை செய்திருக்கின்றன என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். அந்த மருத்துவரையும் அந்தப் பெண்ணையும் எங்களுக்குக் காட்டியவர் யார் என்றுதான் நான் கேட்பேன்.

அதன் பிறகு வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. வேண்டிய வார்த்தை வராமல் வேறு வார்த்தை வரும். என்னைக் கூப்பிட நினைத்து, "அண்ணே, தண்ணி" என்பார். "எனக்கு அவரு அண்ணே, அவருக்கு நீங்க அண்ணேயா?" என்று மல்லிகா விழுந்து விழுந்து சிரிப்பாள். அவரும் சிரிப்பார். கொஞ்ச நாள் நான் அந்த வீட்டுக்கு அண்ணனாகவே இருந்தேன். எனக்கு ஒரு குறையும் இல்லை.

தை மாதம் மூவரும் அழகர்கோவிலுக்குப் போனோம். அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு பட்டர், "யார் பேருக்கு?" என்றார். எப்போதும் போல இவர் பெயரைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். இவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். பின்னால் வரிசை நெருக்கியது. பட்டர் அவசரப்படுத்தவில்லை, தட்டோடு நின்றார்.

"க... கலா... கலாவதி" என்றார் என் கணவர்.

அது என் பெயர். இத்தனை மாதமும் நான் அவருக்காக மட்டும்தான் வேண்டியிருந்தேன். எனக்காக வேண்டிக்கொள்ள எனக்கே தோன்றவில்லை. பட்டர் என் பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்தார். நான் பெருமாளைப் பார்க்கவே இல்லை. கண்ணீரில் விளக்குகள் மட்டும் பெரிது பெரிதாகத் தெரிந்தன.

பங்குனியில், அவருடைய இடத்துக்கு வந்த புது ஆசிரியரே வீட்டுக்கு வந்து கூப்பிட்டார். "வட்டக் கணக்கு மட்டும் நீங்க எடுங்க சார். எனக்கு அது உங்க அளவுக்கு வராது" என்றார். இப்போது வாரம் ஒரு வகுப்பு எடுக்கிறார். உட்கார்ந்துகொண்டுதான். கேள்வியை ஒரு மாணவி படிக்கிறாள். பிள்ளைகள் எல்லோரும் விரல் காட்டுகிறார்கள். அவர் ஒவ்வொருவரையும் பார்த்து, "சரி", "தப்பு", "போதும்", "போதாது" என்று சொல்கிறார். விளக்கம் சொல்ல நேரம் ஆகிறது, பிள்ளைகள் பொறுத்துக்கொள்கிறார்கள். முன்னைவிட நன்றாகப் புரிகிறது என்று ஒரு பெண் என்னிடம் சொன்னாள். பேச்சு குறைந்ததால் இருக்கலாம். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

பேச்சு முழுவதும் திரும்பவில்லை. திரும்புமா என்று எனக்குத் தெரியாது. வலது கையும் இன்னும் தளர்ச்சிதான். ஆனால் இன்று காலை சாம்பாரில் உப்பு அதிகம் என்று அவர் என்னைத் திட்டினார். நான் அடுப்பை அணைத்துவிட்டு அழகர்மலை இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

நான் மாறியிருக்கிறேன். பயிற்சி அறைக்கு வெளியே, கணவனையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு வந்து முகம் இருண்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள் பக்கத்தில் இப்போது போய் உட்காருகிறேன். அவருக்கு எதில் பிரியம் என்று கேட்கிறேன். ஒருவருக்குச் சமையல், ஒருவருக்கு டிராக்டர். அதையே பேசுங்கள் என்கிறேன். அதோடு, எந்தச் சாமியானாலும் சரி, கோபமாக இருந்தால் கோபமாகவே வேண்டுங்கள், பேச்சை மட்டும் நிறுத்தாதீர்கள் என்கிறேன்.

உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒரு கஷ்டம் இருக்கலாம். அழகரிடம் கொண்டு போங்கள். அவர் எப்படிப் பதில் கொடுப்பார் என்று நான் சொல்ல முடியாது, கொடுக்காமல் இருந்ததில்லை என்று மட்டும் சொல்வேன். சனிக்கிழமைகளில் நாங்கள் அங்கேதான் இருப்போம், வந்து பேசுங்கள். என் வீட்டுக்காரருக்கு ஆட்களோடு பேசுவது இன்னும் அவ்வளவு பிடிக்கும். ஒன்றே ஒன்று மட்டும். அவர் பேசிக்கொண்டே நடுவில் நின்றுவிட்டால், பாவம் என்று நீங்களே சொல்லி முடித்துவிடாதீர்கள். கொஞ்சம் நில்லுங்கள். வந்துவிடும்.